நோபல் வாங்கிய கவிஞரைத் தேடினால் கூன் முதுகைக் காட்டும் அகராதிச் செயலி: ஆறு மாத அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது மோசமான செயலி இல்லை. ஆறு மாதமாகத் தினமும் திறக்கிறேன். அகராதி, உச்சரிப்பு, மொழிபெயர்ப்பு, எழுதியதைத் திருத்துவது என்று நாலு வேலையும் ஒரே இடத்தில் நடக்கிறது. சந்தா கட்டியதற்கு வருத்தமும் இல்லை. பெயரை மட்டும் சொல்லப் போவதில்லை. நான் புலம்பப்போகிற குறை இந்த ஒரு கடைச் சரக்கில் மட்டும் இருக்கிற குறை என்று எனக்குத் தோன்றவில்லை, அதனால் ஒருத்தரை மட்டும் பிடித்துத் திட்டுவது நியாயமாக இருக்காது.

விஷயம் ஒரே ஒரு பெயர். குவாஸிமோதோ.

போன மாதம் இருபதாம் நூற்றாண்டு இத்தாலியக் கவிதை பற்றி ஆங்கிலத்தில் ஒரு சின்ன அறிமுகக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. மூன்று பேரை வைத்துச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்: உங்காரெத்தி, மொன்தாலே, குவாஸிமோதோ. மூவரையும் 'எர்மெதிஸ்மோ' என்ற பெயரில் ஒரே கூடையில் போடுவார்கள். காற்றுப் புகாமல் மூடிய ஜாடி மாதிரி, சொல் குறைவாகவும் பொருள் இறுக்கமாகவும் எழுதுகிற வகை. உங்காரெத்தியை எழுதினேன், செயலி வாயைத் திறக்கவில்லை. மொன்தாலேயை எழுதினேன், 1975இல் நோபல் என்றேன், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது ஆளிடம் வந்து, குவாஸிமோதோ 1959இல் நோபல் பரிசு பெற்றார் என்று எழுதினேனோ இல்லையோ, பெயருக்கு அடியில் ஊதா நிறத்தில் நெளிநெளியாக ஒரு கோடு. சிவப்பு என்றால் எழுத்துப்பிழை, நீலம் என்றால் இலக்கணம், ஊதா என்றால் என்ன என்று அதுவரை எனக்குத் தெரியாது. விரலை வைத்தேன். இந்தச் சொல் ஒருவரின் உடல் தோற்றத்தைப் புண்படுத்தக்கூடும், வேறு சொல்லைப் பரிசீலிக்கவும் என்றது.

ஒருவரின் குடும்பப் பெயரை எடுத்துவிட்டு வேறு என்ன போடுவது? கீழே மூன்று மாற்றுச் சொற்கள் வேறு தந்திருந்தது. அதில் ஒன்றைப் போட்டால் 'உடல் குறைபாடு உள்ள நபர் 1959இல் நோபல் பரிசு பெற்றார்' என்று வாக்கியம் முடிகிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, படம் பிடித்து வைத்துக்கொண்டேன்.

சரி, செயலி அப்படி நினைப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆங்கிலத்தில் அந்தப் பெயர் பட்ட பாடு அப்படி.

கதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஆரம்பிக்கிறது. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, திருப்பலியின் தொடக்கப் பாடல் லத்தீனில் 'குவாஸி மோதோ' என்ற இரண்டு சொற்களில் தொடங்கும். பேதுருவின் முதல் கடிதம் இரண்டாம் அதிகாரத்தில் 'புதிதாய்ப் பிறந்த குழந்தைகளைப்போல' என்று வருகிறதே, அதே வரிதான். குவாஸி என்றால் போல, மோதோ என்றால் இப்போதுதான். ஆக அந்த ஞாயிற்றுக்கே குவாஸிமோதோ ஞாயிறு என்று பெயர் வந்துவிட்டது. சிலே நாட்டில் இன்றும் அந்த நாளில் குதிரை வீரர்கள் புடைசூழ, படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்குப் பாதிரியார் நற்கருணை கொண்டுபோவார், அந்த விழாவுக்கும் இதே பெயர்தான். கவிஞரின் குடும்பப் பெயருக்கு வேரும் இந்த இரண்டு லத்தீன் சொற்கள்தான். பச்சைக் குழந்தையின் பெயர். கூனுக்கும் இதற்கும் எள்ளளவும் சம்பந்தம் கிடையாது.

கூன் எப்போது வந்தது என்றால் 1831இல், பிரெஞ்சு எழுத்தாளர் விக்தோர் யூகோவின் (ஆங்கில வழியில் விக்டர் ஹ்யூகோ) நாவலோடு. கதை 1482ஆம் ஆண்டுப் பாரிஸில் நடக்கிறது. தேவாலயத்தில் விட்டுப்போன, கூன் விழுந்த ஒரு குழந்தையை (பிற்பாடு அங்கேயே மணியடிப்பவன் ஆகிறான்) அந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்து வளர்க்கிறார் ஒரு பாதிரியார், அந்த நாளையே பெயராக வைக்கிறார். குவாஸிக்கு ஏறக்குறைய என்றும் பொருள் வருவதை வைத்து யூகோ அங்கே ஒரு சிலேடையையும் சொருகிவிடுகிறார்: நாளை நினைத்து வைத்தாரா, அல்லது இந்தப் பிள்ளை முழுசாக உருவாகாத 'ஏறக்குறைய மனிதன்' என்பதால் வைத்தாரா என்று. அந்த 'ஏறக்குறைய'தான் பிற்பாடு ஆளையே விழுங்கிவிட்டது. 1996இல் வந்த டிஸ்னி கார்ட்டூன் படத்தில் ஞாயிறெல்லாம் காணாமல் போய், பாதி உருவானவன் என்பதே அந்தப் பெயருக்கு அர்த்தம் என்று பாட்டிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

இதில் ஆங்கிலத்தின் பங்கு தனி. பிரெஞ்சு நாவலின் தலைப்பில் கூனும் இல்லை, கூன் விழுந்தவனும் இல்லை, நோட்ர டாம் என்கிற தேவாலயத்தின் பெயர்தான் தலைப்பு. 1833இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தபோது 'நோட்ர டாமின் கூனன்' என்று அட்டையிலேயே முதுகை ஏற்றிவிட்டார்கள். அப்புறம் 1923இல் லான் சேனி, 1939இல் சார்லஸ் லாட்டன் என்று திரையில் முதுகு வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் ஆங்கிலத்தில் யாராவது குனிந்து நடந்தால் அந்தப் பெயர், கண்ணாடியில் தன்னைப் பார்த்துப் பிடிக்காவிட்டால் தனக்கே அந்தப் பெயர். 1967இல் பிளாஸ்டிக் சர்ஜரி இதழ் ஒன்றில் உடல் தோற்றக் குறையால் வருகிற மனச்சிக்கலுக்கும் அதையே பெயராக வைத்தார்கள். அப்போது கவிஞர் உயிரோடு இருக்கிறார், நோபல் வாங்கி எட்டு வருஷம் ஆகிறது!

நம்மிடம் மந்தரை என்று ஒருத்தி இருக்கிறாள், பெயரைச் சொன்னால் ஒரு நொடி யோசிப்போம், கூனி என்றால் உடனே தெரியும். அங்கே கூன் வந்து பெயரைத் தள்ளிவிட்டது. இங்கே நல்ல பெயர் ஒன்றின் முதுகில் கூனை ஏற்றிவிட்டார்கள், அந்தப் பெயரோடு பிறந்த இன்னொரு குடும்பமும் சேர்ந்து சுமக்கிறது.

இனி செயலிக்கு வருகிறேன், ஒவ்வொரு பகுதியாக.

அகராதி. பொருள் வரிசை நாவல் பாத்திரத்தில் தொடங்குகிறது, அடுத்தது வசைப்பொருள், மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. சொற்பிறப்பு நன்றாகவே இருக்கிறது, லத்தீன் வேரைச் சரியாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள், அந்த உழைப்புக்கு ஒரு கும்பிடு. கவிஞர் எங்கே என்று தேடினால் 'மேலும்' பொத்தானை அழுத்தி, கீழே தள்ளிக்கொண்டே போய், விளம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி: இத்தாலியக் கவிஞர், 1901 முதல் 1968 வரை. அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் ஒரு படம் போட்டிருக்கிறார்கள். மணிக்கூண்டுப் படம்.

உச்சரிப்பு. இங்கேதான் எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. ஆங்கிலக் குரல் 'க்வாஸிமோடோ' என்று 'மோ'வில் அழுத்துகிறது. ஆங்கிலத்தில் அதுதான் வழக்கம், குறை சொல்ல முடியாது. ஆனால் கவிஞர் தன் பெயரை அப்படிச் சொல்லவில்லை. குடும்பத்தில் 'மோ'வில் அழுத்திச் சொல்லிவந்த பெயரை அவர் அழுத்தத்தை ஓர் அசை முன்னால் தள்ளி, 'ஸி'யில் அழுத்தி வைத்துக்கொண்டார். இத்தாலியில் இன்று நாவல் பாத்திரத்தைச் சொல்லும்போது 'மோ'வில் அழுத்துவார்கள், கவிஞரைச் சொல்லும்போது 'ஸி'யில். எழுத்தில் இரண்டும் ஒன்றுதான், காதில் வேறு வேறு ஆட்கள். அவர் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து ஆங்கிலம் திரும்பத் திரும்ப அவருக்கே மாட்டிவிடுகிறது.

சரி, இத்தாலியக் குரலுக்கு மாற்றிப் பார்ப்போம் என்று மாற்றினேன். அதுவும் 'மோ'வில்தான் அழுத்தியது. முன்னால் முதல் பெயரைச் சேர்த்து சல்வதோரே குவாஸிமோதோ என்று முழுசாகக் கொடுத்தும் அதே கதைதான். பக்கத்தில் சல்வதோரே என்று இருந்தால் மணியடிப்பவன் இல்லை என்று ஊகிக்கிற அளவுக்காவது இத்தாலியக் குரலுக்குத் தெரிய வேண்டாமா?

கடுப்பில் ஒரு வேலை செய்தேன். தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுத்து, தமிழிலேயே 'குவாஸீமொதொ' என்று தட்டினேன். இரண்டாவது அசையில் நெடில், கடைசியில் இரண்டும் குறில். இத்தாலியில் அழுத்தம் விழுகிற அசை கொஞ்சம் நீளும், அதனால் நெடில் போட்டால் அழுத்தம் தானாக வந்து உட்காருகிறது. இன்னொன்று, அவர்களுடைய கடைசி எழுத்து நாக்கு பல்லைத் தொட்டு வருகிற ஒலி. ஆங்கிலக் குரல் அதை 'டோ' என்று மேலே தூக்கிவிடுகிறது, நம் 'த' அந்த இடத்துக்கே போய் நிற்கிறது. 'ஸ' மட்டும் கொஞ்சம் உதைக்கிறது, அவர்களுக்கு அங்கே தேனீ ரீங்காரம் மாதிரி அதிர்வு உண்டு, நமக்கு அந்த எழுத்து இல்லை. ஆனாலும் மூன்று குரலில் தமிழ்க் குரல்தான் கவிஞரைக் கூப்பிட்டது. இரண்டு தடவை அழுத்திக் கேட்டேன், மூன்றாவது தடவை சும்மா சந்தோஷத்துக்கு.

இதை எழுதும்போதே ஒன்று உறைக்கிறது, தமிழ்க் கட்டுரைகளில் நாமும் பெரும்பாலும் 'க்வாஸிமோடோ' என்றுதான் எழுதுகிறோம், ஆங்கிலம் வழியாக வந்ததால். நானும் பத்து வருஷம் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், செயலியை மட்டும் கூண்டில் ஏற்றினால் எப்படி.

மொழிபெயர்ப்பு. அவருடைய மூன்றே வரிக் கவிதை ஒன்று உலகம் முழுக்கத் தெரியும், 1942இல் வந்த தொகுப்புக்கும் அதன் கடைசி வரிதான் தலைப்பு: எத் ஏ சூபிதோ சேரா. மனிதன் பூமியின் நெஞ்சின் மேல் தனியாக நிற்கிறான், ஒரு வெயில் கீற்று அவனைத் துளைக்கிறது, பிறகு இந்த வரி. இத்தாலியிலிருந்து நேராகத் தமிழுக்கு என்று போட்டுக் கொடுத்தேன். 'அது திடீரென்று மாலை' என்றது. இத்தாலியில் சூபிதோ என்றால் உடனே, அப்போதே. கடைக்காரரைக் கூப்பிட்டால் 'இதோ வந்துட்டேன்' என்கிற இடத்தில் அவர்கள் சொல்கிற சொல். திடீர் என்பதில் இருக்கிற அதிர்ச்சி அதில் இல்லை. ஆங்கிலத்தில் இந்த வரி பரவலாக 'சடன்லி' என்றே புழங்குகிறது, அங்கே சந்தத்துக்கு அது பொருந்தவும் செய்கிறது. அந்தச் சடன்லியைத்தான் செயலி தமிழில் திடீர் ஆக்கியிருக்கிறது. நேர்வழி என்று பலகை வைத்துவிட்டு, வண்டியை ஆங்கில ஊருக்குள் விட்டுச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள்.

தமிழில் இதற்குத் தோதான ஒரு சொல் தினமும் நம் வாயில் இருக்கிறது: அதற்குள். 'அதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது.' ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்து எழுந்து ஜன்னலைப் பார்க்கிறவர் சொல்வாரே, அதே சொல்தான். பொழுது போதவில்லையே என்கிற குறையும் அதில் இருக்கிறது, யாரையும் குற்றம் சொல்லாத தன்மையும் இருக்கிறது. கவிதை மொழிபெயர்ப்பைச் செயலியிடம் எதிர்பார்ப்பது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் 'வேறு வடிவங்கள்' என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்களே, அதை அழுத்தினால் 'திடீரென மாலை', 'சட்டென்று மாலை', 'திடுமென மாலை' என்று ஒரே சட்டையை மூன்று நிறத்தில் காட்டுவதற்கு அந்தப் பொத்தான் எதற்கு?

சுருக்கம் எழுதுகிற வசதி மட்டும் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, இதை அழுத்திச் சொல்கிறேன். நீளமான ஒரு வாழ்க்கைக் குறிப்பைக் கொடுத்தேன். சிசிலித் தீவின் மோதிகா ஊரில் 1901 ஆகஸ்ட் 20 பிறப்பு, அப்பா ரயில் நிலைய அதிகாரி, 1908 டிசம்பர் 28 மெஸ்ஸினா நிலநடுக்கம், இடிந்துபோன ஊரில் ரயில் நிலையத்தைச் சீராக்க அப்பாவை அங்கே அனுப்புகிறார்கள், குடும்பமே சரக்கு வண்டிப் பெட்டியில் குடியிருக்கிறது. பையனுக்கு ஏழு வயது. அப்புறம் நில அளவைப் படிப்பு, அரசுப் பொறியியல் அலுவலக வேலை, 1930இல் முதல் தொகுப்பு, 1940இல் பழைய கிரேக்கப் பாடல்களின் மொழிபெயர்ப்பு, 1941 முதல் மிலான் இசைக் கல்லூரியில் இலக்கிய ஆசிரியர், 1968 ஜூனில் நேப்பிள்ஸில் மரணம். ஒரு தேதி கூடத் தப்பவில்லை, வரிசை மாறவில்லை, அந்தச் சரக்குப் பெட்டியை விட்டுவிடாமல் எடுத்துவைத்தது பார்த்து எனக்கே ஆச்சரியம். நான் சுருக்கினால் ஒருவேளை அதை விட்டிருப்பேன். இவ்வளவு தெரிந்துவைத்திருக்கிற அதே செயலி, அதே திரையில், அந்தச் சுருக்கத்தில் பெயர் வருகிற ஐந்து இடத்திலும் ஊதாக் கோடு போட்டிருக்கிறது. இடது கை எழுதியதை வலது கை கண்டிக்கிறது.

திருத்தும் பகுதியில் இதை நிறுத்த வழி உண்டு, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அமைப்புகளில் 'என் சொற்கள்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் பெயரைச் சேர்த்துவிட்டால் கோடு போய்விடும். ஆனால் சேர்த்த பிறகு இன்னொரு கூத்து. வேறு ஒரு கட்டுரையில் ஓர் அலுவலகத்துப் பையனை அவன் கூட்டாளிகள் அந்தப் பெயர் சொல்லிக் கேலி செய்தார்கள் என்று வந்தது, எச்சரிக்க வேண்டிய அந்த இடத்தில் செயலி கம்மென்று இருந்துவிட்டது. ஒன்று இரண்டு பேருக்கும் கோடு, இல்லையென்றால் இரண்டு பேருக்கும் கோடு இல்லை. அந்த ஊதாக் கோடே வேண்டாம் என்று சொல்கிற கட்சி இல்லை நான், கேலிக்கு எதிராக ஒரு செயலி குறுக்கே வந்து நின்றால் நல்லதுதான், ஆனால் 1959க்கும் நோபலுக்கும் நடுவில் நிற்கிற பெயருக்கும் கேலிக்கும் வித்தியாசம் வாக்கியத்திலேயே இருக்கிறது, அதைப் படிக்கத்தானே இவ்வளவு வாக்கியங்களை ஊட்டி வளர்த்திருக்கிறார்கள்.

மற்றபடி சில்லறை விஷயங்கள். இணையம் இல்லாமலும் அகராதி திறக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதில்லை. குரலின் வேகத்தைக் குறைத்துக் கேட்கலாம், குறைத்தால் ஆங்கிலக் குரல் குடித்தவர் மாதிரி இழுக்கிறது. பேட்டரியைக் கொஞ்சம் அதிகமாகவே தின்கிறது.

ஆங்கிலச் சொற்களுக்கு மட்டும் வேண்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவர்கள், குறிப்பாக ஆங்கிலம் அல்லாத மொழியிலிருந்து தமிழுக்குக் கொண்டுவருகிறவர்கள், இலவசக் காலம் முடிகிற வரை நாலு பெயரையும் நாலு கவிதை வரியையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அந்த இத்தாலியக் குரல் 'ஸி'யில் அழுத்தத் தொடங்குகிற அன்றைக்கு வந்து நாலாக்கிவிடுகிறேன்.

பின்சேர்க்கை: இதை எழுதும் முன்பே வாடிக்கையாளர் சேவைக்கு ஊதாக் கோட்டின் படத்தோடு ஒரு புகார் அனுப்பியிருந்தேன். இன்று காலை பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள், குழுவுக்கு அனுப்பியிருக்கிறார்களாம். புகாருக்கு எண் கொடுத்து, வகை என்ற இடத்தில் 'அவமதிப்பான சொல்லைப் பயனர் பயன்படுத்தியது' என்று பதிந்திருக்கிறார்கள்.